மாப்பிள்ளைக் கார் குரோய்டனுக்குப் போன கதை

கசெட்டைத் தள்ளியதும் "டெக்" ஒரு முனகலோடு அதை விழுங்கிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் சூடேறிய தூசியின் மணம் லண்டன் எட்மண்டனில் எங்கள் வீட்டு முன்னறை முழுக்கப் பரவும். அந்த மணம் வந்தால் மாமியின் கலியாண வீடியோ ஓடப்போகிறது என்றும், அதோடு அப்பாவைக் கேலிசெய்து "பகிடி" பண்ணும் நேரமும் வந்துவிட்டது என்றும் எனக்குத் தெரிந்துவிடும்.

மாமி அப்பாவின் தங்கை. எங்கள் முறைப்படி பெண்ணின் சகோதரன்தான் தோழனாகப் போய் மாப்பிள்ளையை மண்டபத்துக்கு அழைத்துவர வேண்டும். நான் பிறப்பதற்கு முன் நடந்த அந்தக் கலியாணத்தில், எட்மண்டனிலிருந்து மாப்பிள்ளையான மாமாவைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு, பார்க்கிங் என்ற ஊரில் இருந்த மண்டபத்துக்குப் புறப்பட்ட அப்பா, வழி தவறி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் எங்கோ கிடக்கும் குரோய்டனுக்குப் போய்விட்டாராம். விசா அலுவலுக்கென்று எங்கள் சனம் பயந்து பயந்து போய்வந்த ஊர் அது என்பதால், கார் பழக்கதோஷத்தில் தானாகவே அங்கே போயிருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். முகூர்த்தம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் வந்து சேர்ந்தார்களாம். அதுவும் போதாதென்று, பட்டுவேட்டியோடு வரவேண்டிய தோழன் "களிசான்" என்ற காற்சட்டையோடு வந்து இறங்கினாராம்.

"இவரிட்டப் பாதை கேட்டால் குரோய்டனிலதான் கொண்டுபோய் விடுவார்" என்று யாராவது தொடங்குவார்கள். எல்லோரையும்விட அப்பாதான் பலமாகச் சிரிப்பார்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அப்பாவின் கடைசித் தங்கையான சின்ன மாமிக்குக் கலியாணம் பேசி முடித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் எங்கள் வீட்டில் கூடி, தோழனாக ஒன்றுவிட்ட சித்தப்பாவை அனுப்புவதென்று தீர்மானித்தார்கள். "அண்ணை, நீங்கள் மண்டபத்திலேயே நில்லுங்கோ, அதுதான் நல்லது" என்றார் சித்தப்பா. அப்பா வழக்கம்போலச் சிரித்துவிட்டுக் குசினிக்குப் போய், கழுவி வைத்த கோப்பை ஒன்றைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றார். கதவடியில் நின்று பார்த்த எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கூடப்பிறந்த அண்ணன் இருக்க இன்னொருவர் போவதா?

அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் முளைத்தது. அப்பா இந்த நாட்டுக்கு வந்த காலந்தொட்டு வான் ஓட்டி, லண்டன் முழுக்கத் தமிழ்க் கடைகளுக்கு மரக்கறி இறக்கியவர். எந்தத் தெருவில் எந்த நேரம் நெரிசல் என்று நித்திரையிலும் சொல்லக்கூடியவர். அவர் எப்படிப் பார்க்கிங்குக்குப் போகும் வழியில் குரோய்டனைக் கண்டார்?

வீடியோ இரண்டு கசெட். நாங்கள் எப்போதும் போடுவது இரண்டாவதை, மண்டபத்தில் நடந்ததை. "மாப்பிள்ளை வீடு" என்று எழுதிய முதலாவதைப் பெண் வீட்டாரான நாங்கள் ஒருநாளும் முழுதாகப் பார்த்ததில்லை. அம்மா கோயிலுக்குப் போன ஒரு சனிக்கிழமை நான் அதைப் போட்டேன். மாமா ஊதாக்கரை வேட்டியும் அப்பா பச்சைக்கரை வேட்டியும் கட்டிக்கொண்டு வாசலால் இறங்குகிறார்கள். மற்றவர்கள் வானில் முன்னால் போக, மாப்பிள்ளைக் காரில் இவர்கள் இரண்டு பேர் மட்டும் ஏறுகிறார்கள். உடனே இரண்டாவது கசெட்டைப் போட்டேன். மண்டபத்து வாசலில் இறங்கும் மாமாவின் இடுப்பில் பச்சைக்கரை வேட்டி. அப்பா, மரக்கறி இறக்கும் களிசானில்.

அடுத்த ஞாயிறு, மற்றவர்கள் வருமுன் மாமாவைப் பிடித்து இரண்டு கசெட்டையும் போட்டுக் காட்டினேன். அவருடைய முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்கவில்லை.

"பிள்ளை, முதல் நாளிலயிருந்து விரதம்," என்றார் மெதுவாக. "வழியில ஒரு கடை. நான்தான் காரை நிப்பாட்டச் சொன்னனான். மட்டன் ரோல்ஸ், மூண்டு. வெறும் வயித்தில போனது, அரை மணித்தியாலத்தில வாந்தியா வந்து எல்லாம் வேட்டியிலதான். கொப்பர் தன்ர வேட்டியைக் கழட்டித் தந்திட்டு, கார் டிக்கியிலயிருந்த வேலைக் களிசானைப் போட்டார். தாலி கட்டுற நாளில மச்சம் மாமிசம் திண்டவன் எண்ட பேர் உமக்கு வேண்டாம், நான் வழி மாறினதெண்டு சொல்லுறன் எண்டார்."

"அப்ப இண்டைக்கு நீங்கள் சொல்லுங்கோ" என்றேன். ஆராய்ச்சியாளருக்கு இரக்கம் கிடையாது.

எல்லோரும் வந்து தேத்தண்ணி குடிக்கும்வரை மாமா பொறுத்திருந்தார். பிறகு எல்லோருக்கும் நடுவில் எழும்பி, "தோழனா மச்சான்தான் போகவேணும்" என்று தொடங்கி, ரோல்ஸ் கதை முழுவதையும் சொல்லிவிட்டார். அப்பா நிலத்தைப் பார்த்தார். எல்லோரும் மாமியைப் பார்த்தார்கள்.

மாமி தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, "தாலி கட்டக் குனிஞ்சபோதே எனக்கு மணத்தது" என்றார்.

வீடு அதிரச் சிரித்தோம். "தெரிஞ்சும் ஏன் கேக்கேல்லை?" என்று மாமா கேட்டதற்கு, "நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். அதுக்குள்ள அண்ணையை எல்லாரும் பகிடி பண்ண விட்டிட்டன், அதுதான் என்ர பிழை" என்று சொல்லும்போது மாமியின் கண் கலங்கியிருந்தது.

அன்றிரவு அப்பா "உனக்கேன் இந்தத் தேவையில்லாத வேலை" என்று என்னை ஏசினார். ஆனால் கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போதே பட்டுவேட்டியைத் தானே அயன் பண்ணி வைத்தார். மாப்பிள்ளையை முகூர்த்தத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகவே கொண்டுவந்து இறக்கி, மண்டபத்துக் கதவு திறக்கும்வரை காருக்குள் இருத்தியும் வைத்தார்.

அந்த ரோல்ஸ் கடை இருந்த இடத்தில் இப்போது முடிவெட்டுகிறார்கள். டெக் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. வீடு மாறியபோது கசெட் இரண்டும் எங்கோ தொலைந்தன. இனி அந்த வேட்டிக் கரைகளை ஒருவருக்கும் காட்ட ஏலாது.

போன மாதம் சின்ன மாமியின் மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளையை அழைத்துவரும் காரில், பாதையைப் போன் சொல்லிக்கொண்டிருக்க, காரோட்டிக்கொண்டு அப்பா முன் சீட்டில், நான் பின்னால் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில். காலையிலிருந்து சாப்பிடாத அந்தப் பொடியன் வெளிறிப்போய் இருந்தான். அப்பா திரும்பிப் பார்த்துவிட்டு, தான் ஒருமுறை மாப்பிள்ளையோடு குரோய்டனுக்குப் போய்விட்ட கதையைத் தொடங்கினார். எந்தச் சந்தியில் திரும்பினார், எந்தப் பொலிஸ்காரரிடம் பாதை கேட்டார் என்று நான் கேள்விப்படாத விவரமெல்லாம் வந்து விழுந்தன. பொடியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அங்கிள், உண்மையாவோ?"

"இவளைக் கேளும். இவள்தான் எல்லாம் துருவி ஆராய்ஞ்சவள்."

கண்ணாடிக்குள்ளால் அப்பா என்னையே பார்த்தார்.

"ஓம்," என்றேன், "குரோய்டனுக்குத்தான் போனவர்."