சந்தையில் கொளுத்தாத கற்பூரம்

ஐம்பதுகளில் ராயக்கோட்டைப் பக்கம் பாரதக் கூத்து நடந்தால் துரோபதை வேஷம் எனக்குத்தான். துகில் உரியும் கட்டத்தில் துச்சாதனன் வேஷக்காரர் என் சேலையில் சட்டென்று கை வைக்க மாட்டார். கூத்தை நிறுத்தி, கற்பூரம் கொளுத்தி, என் காலில் விழுவார். "தாயே, வேஷத்துக்காகத்தான் தொடறேன், மன்னிச்சிரு" என்பார். கூத்து வைத்த ஊர்ப் பெரியதனக்காரரும் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

ஒரு வருஷம் அந்தப் பெரியதனக்காரரே எனக்கு அரக்கு நிறச் சேலை ஒன்றைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். வேட்டி என் உடம்பில் என்றைக்கும் ஒட்டியதில்லை. அந்தச் சேலை ஒட்டியது. அதைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் பகலில் சந்தைக்குப் போனேன். தக்காளிக் கூடைகளுக்கு நடுவே அதே மனிதர் என் முந்தானையைப் பிடித்தார்.

"கூத்துதான் முடிஞ்சிருச்சே, இன்னும் என்னடா சேலை?" என்று உருவிப் போட்டார்.

சந்தையே சிரித்தது, என்னைக் கும்பிட்டவர்களும் சேர்ந்துதான்.

மறு வருஷம் பெரியதனக்காரர் கூச்சமே இல்லாமல் வெற்றிலை பாக்கோடு என் வாசலில் வந்து நின்றார். துரோபதைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையாம்.

"வேஷம் கட்டறேன்" என்றேன். "முதல்ல சந்தைக்கு வாங்க. நீங்க அவுத்த எடத்துல கற்பூரம் கொளுத்தி, என் கால்ல விழுங்க."