மூவரசருக்கு ஒரு முகம்

பணி ஓய்வு பெற்ற மறுவாரமே நான் ஓவியன் ஆனேன். இதனை எனக்கு எவரும் அறிவிக்கவில்லை. நானே எனக்கு அறிவித்துக்கொண்டேன். தனித்தியங்கும் கலைஞனுக்குரிய பெருநலம் இதுவே. தேர்வு எழுத வேண்டியதில்லை, நேர்காணலுக்குச் செல்ல வேண்டியதில்லை, தூரிகை வாங்கிய அன்றே பட்டமும் கிடைத்துவிடுகிறது. அதற்குப் பின்வரும் நாள்கள்தாம் கடினமானவை. வரைந்தாலும் கேட்பாரில்லை, வரையாவிட்டாலும் கேட்பாரில்லை. ஊக்கம் குறித்து வகுப்பறையில் மணிக்கணக்கில் பேசியவன் நான். அது மாணவர்க்கு மட்டுமே வேண்டிய பொருள் என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

மேனிலைப் பள்ளியில் பல்லாண்டுகள் தமிழ் கற்பித்த எனக்கு, மணி அடித்தால்தான் கை அசையும். ஆகவே கைப்பேசியில் மணியை அமைத்துக்கொண்டேன். முதற் பாடவேளை ஓவியம், இரண்டாம் பாடவேளையும் ஓவியம், இடையில் தேநீர்.

"யாருக்குங்க பெல் அடிக்கிறீங்க? வீட்டுல நான் ஒருத்திதான இருக்கேன்" என்றாள் என் மனைவி.

"எனக்கே அடித்துக்கொள்கிறேன்" என்றேன்.

"அப்பச் சரி. லேட்டா வந்தா ஒங்களையே முட்டி போடச் சொல்லிக்கிருங்க."

மரம் வந்தது, பானை வந்தது, கொடும்பாளூர்க் கோயில்களை மூன்று முறை வரைந்ததில் மூன்றாவது சாயாமல் நின்றது. மனித முகம் மட்டும் வசப்படவில்லை. கைப்பேசிக் காணொலியில் ஓர் இளைஞர் ஐந்தே நிமிடங்களில் முகம் வரைந்துவிடுவார். "எளிது, நண்பர்களே, மிக எளிது" என்று அவர் சொல்லச் சொல்ல, எனக்கு அவர்மீது அழுக்காறு வளர்ந்ததேயன்றி என் தாளில் மூக்கு வளரவில்லை. முகம் பயில முகம் வேண்டும். அதுவும் அசையாத முகம். மனைவியை அமரச் சொன்னால் அடுப்பில் பால் இருக்கும். பால் இல்லாத நாளில் குழம்பு இருக்கும்.

அந்நிலையில் எனக்குக் கிடைத்த அருங்கொடை, மனைவியின் தமையனாகிய என் மைத்துனர். புதுக்கோட்டைக்கும் இலுப்பூருக்கும் இடையே ஓடிய பேருந்தில் காலமெல்லாம் நடத்துநராயிருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் தேவாலயப் பூசை முடிந்ததும் எங்கள் இல்லத்தில் உண்பார். உண்டதும் கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்தபடியே உறங்குவார். ஓடும் வண்டியில் நின்றுகொண்டே கண்ணயரக் கற்றவருக்கு நாற்காலி என்பது பஞ்சணை. இரண்டு மணி நேரம் இமைகூட அசையாது. அடர்ந்த புருவம், பரந்த மூக்கு, அதனோரம் ஒரு மரு, உறக்கத்தில் சற்றே தொங்கும் கீழுதடு: ஓராண்டுக்கு மேலாக ஞாயிறுதோறும் அவரை வரைந்தேன். இறுதியில், தாளைப் பாராமலே வரையும் அளவுக்குக் கை பழகிற்று. நான் முகம் வரையக் கற்றுவிட்டேன் என்று முடிவு செய்தேன்.

அத்தருணத்தில்தான் தெரு இளைஞர்கள் வந்தார்கள். அவர்களின் தலைவன் என் பழைய மாணவன்.

"தமிழய்யா, இந்த வருசம் கிறிஸ்மஸ் குடிலுக்கு மூணு ராசாவையும் நீங்களே வரைஞ்சு குடுங்க. ஆளுயரம் வேணும். ஒட்டகத்தோட."

கேட்பாரற்றிருந்த ஓவியனிடம் ஒரு தெரு கேட்டுவிட்டது! அன்று நான் மணி அடிக்காமலே எழுந்தேன். ஒட்டுப்பலகையை அறுத்து, வெண்பூச்சு அடித்து, மூவரசரையும் ஒட்டகங்களின்மேல் ஏற்றினேன். ஒருவருக்கு நரைத்த தாடி, ஒருவருக்குக் கருந்தாடி, ஒருவருக்குத் தாடியே இல்லை. மூவருக்கும் மூன்று நிறத்தில் தலைப்பாகை. வேற்றுமைக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

மனைவி வந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "ஏங்க, அண்ணன் மாதிரியே இருக்கு" என்றாள்.

"எது?"

"எல்லாமுந்தான்."

உடன்பிறந்தார்மீது பெண்களுக்குள்ள பாசம் காணுமிடமெல்லாம் அவர்களையே காட்டும் என்று எண்ணி, நான் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்து பிறப்பு விழா அன்று மூவரசரைக் குழந்தை இயேசுவின் குடிலுக்குள் வைப்பதில்லை. தொலைநாட்டிலிருந்து வருகிறவர்கள் அல்லரோ! தெருமுனையில் நிறுத்தி, நாளுக்குச் சிறிது தூரம் நகர்த்தி, மூன்றரசர் திருநாளன்றுதான் குடிலுக்குள் சேர்ப்பார்கள். ஆக, என் அரசர்கள் பன்னிரு நாளும் தெருவெங்கும் உலா வந்தாக வேண்டும். அந்தத் தெருவில் என் மைத்துனரிடம் பயணச்சீட்டு வாங்காதவர் ஒருவருமில்லை.

முதல்நாள் காலையிலேயே தெருமுனையில் கூட்டம் கூடிவிட்டது.

"ஏப்பா, இவரு நம்ம கண்டக்டரு அண்ணன்ல?"

"இவரு கண்டக்டருன்னா அவரு யாரு?"

"அவரும் கண்டக்டருதான். மூணு வண்டிக்கும் ஒரே கண்டக்டரு!"

"ஒட்டகத்தோட ஒதட்டையும் பாருங்கடா. அதையுஞ் சேத்தா ஆறு பேரு."

செய்தி மைத்துனரை எட்டிற்று. அதன்பின் அவர் தேநீர் குடிக்கச் செல்லும் வழியெல்லாம் வினாக்கள் காத்திருந்தன. "அண்ணே, ஒட்டகம் இலுப்பூர்ல நிக்குமா, பைபாஸ்ல போயிருமா?" "அண்ணே, வெள்ளிக்கிழம தண்ணித் தொட்டிக்கிட்ட வந்துருவீங்க, அப்புறம் நாலு ஸ்டாப்புதான்!" ஞாயிறன்று அவர் உணவுக்கு வந்தார். உண்டார். கை கழுவினார். நாற்காலியை ஒருமுறை பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார்.

"நான் வீட்டுல போயித் தூங்கிக்கிறேன் மாப்ள. இங்க தூங்குனா நீங்க ஒட்டகத்துல ஏத்திடுறீங்க."

"மச்சான், வேண்டுமென்றே செய்ததன்று..."

"வேணாம்னு செஞ்சதுக்கே மூணு. வேணும்னு செஞ்சா என்னாவும்?" அவர் தங்கையிடம் திரும்பினார். "ஏத்தா, ஒன் வீட்டுக்காரரு மூஞ்சிய மாத்துற வரைக்கும் இங்கிட்டு வரமாட்டேன். கொழம்ப மட்டும் குடுத்து விடு."

மாலையில் இளைஞர் தலைவன் வந்தான். தலையைச் சொறிந்தான். "ஐயா, தப்பா நெனச்சுக்கிறாதீங்க. குடிலுக்குள்ள போறதுக்குள்ள ரெண்டு மூஞ்சியாச்சும் மாறணும். ஃபாதர் குடில மந்திரிச்சு ஆசீர்வதிக்க வருவாரு, ஊரே சிரிக்கும். இல்லன்னா புதுக்கோட்டையில பிளெக்ஸ் அடிச்சு ஒட்டிருவோம்."

நெகிழிப் பதாகை! என் கையால் வரைந்த அரசர்கள் வழியிலேயே இறக்கப்பட, இயந்திரம் அச்சிட்ட அரசர்கள் குடிலுக்குள் நுழைவதா? அன்று மாலை தனியே சென்று மூவரையும் உற்று நோக்கினேன். மரு மூன்றும் இடப்பக்கமே இருந்தன. நான் முகம் வரையக் கற்கவில்லை. ஒரு முகத்தை மனப்பாடம் செய்திருந்தேன். செய்யுளை மனப்பாடம் செய்துவிட்டு யாப்பு அறிந்ததாக இறுமாந்த மாணவர்களுக்கு எத்தனை சுழியங்கள் இட்டிருப்பேன்! இப்போது எனக்கு இரண்டு புதிய முகங்கள் வேண்டும், திருநாளுக்குள் வேண்டும், அசையாமல் வேண்டும்.

கடைத்தெரு முடிதிருத்தகத்திற்குச் சென்றேன். உரிமையாளர் என்னை வரவேற்று, என் தலையைப் பார்த்துச் சற்றுத் தயங்கினார். அங்கே அவர் தொழிலுக்கு இடமில்லாமல் போய்ப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன.

"வாங்க ஐயா. என்ன... செய்யணும்?"

"சற்று அமர்ந்திருக்கிறேன். முகங்களைப் பார்த்து வரைய வேண்டும்."

"கண்டக்டரு அண்ணன் மாதிரி வரையாம இருந்தாச் சரி" என்றார் அவர். நற்பெயர் எனக்கு முன்னே வந்து அமர்ந்திருந்தது. "ஆனா பாருங்க, சும்மா ஒக்காந்தா கஸ்டமரு கூச்சப்படுவாங்க. ஒரு சேவிங் பண்ணிக்கிருங்களேன்."

பண்ணிக்கொண்டேன். மறுநாளும் பண்ணிக்கொண்டேன். மூன்றாம் நாள் மழிப்பதற்கு ஒன்றுமில்லாமையால் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். என் கன்னங்கள் பப்பாளிபோல் சிவந்தன. "இந்த வயசுல எதுக்குங்க இம்புட்டுப் பளபளப்பு?" என்று மனைவி ஐயுறத் தொடங்கினாள்.

முடிதிருத்தகத்தில் மனிதர்கள் அசைய மாட்டார்கள் என்ற என் கணிப்பும் முழுமையானதன்று. குனிந்தால் உச்சி தெரியும்; நிமிர்ந்தால் நுரை மறைக்கும். முதலிரண்டு நாளில் நான் வரைந்தவை பெரும்பாலும் செவிகளே. ஆனால் அச்செவிகள் எனக்கொரு பாடம் நடத்தின. என் கைக்குச் செவி பழக்கமில்லை. மைத்துனரின் செவியை நான் கவனித்ததேயில்லை. ஆகவே கை தானாக ஓடாமல் கண்ணுக்காகக் காத்து நின்றது. ஒன்று வட்டமாயிருந்தது, ஒன்று முறம்போல் விரிந்திருந்தது, ஒன்றின் நுனியில் மயிர் முளைத்திருந்தது. கைக்குத் தெரியாததையே கண் கற்பிக்கிறது என்பதை உணர்ந்தபோது, பல நாளுக்குப்பின் எனக்கு உண்மையான ஊக்கம் பிறந்தது. காணொலி இளைஞர் செவியைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை.

நான்காம் நாள் ஒரு முந்திரி வணிகர் மழித்துக்கொள்ள வந்தார். ஒடுங்கி நீண்ட முகம். மண்வெட்டிபோல் முன்தள்ளிய தாடை. ஒன்றைவிட மற்றொன்று உயர்ந்த புருவங்கள். என் மைத்துனருக்கு முற்றிலும் எதிரான படைப்பு. கத்தி கழுத்திலிருக்கும்வரை எம்மனிதனும் அசைவதில்லை. கத்தி கன்னத்திற்கு ஏறியபோது அவர் கடைக்கண்ணால் என்னைக் கண்டார்.

"யாருய்யா அந்தப் பெரியவரு? என்னையவே பாத்துக்கிட்டிருக்காரு?"

"அசையாதீங்க" என்றோம் நானும் உரிமையாளரும் ஒரே குரலில்.

"சம்பந்தம் கிம்பந்தம் பேச வந்திருக்காரா? எனக்குக் கல்யாணமாகிப் பேத்தியே இருக்குங்க."

"ஒங்களை ராசாவா வரையுறாருண்ணே" என்றார் உரிமையாளர்.

வணிகர் அதன்பின் மூச்சும் விடவில்லை.

இரண்டாவது புதுமுகத்திற்கு ஆளே வரவில்லை. அவ்வாரம் எவருக்கும் முடி வளரவில்லை போலும். நாற்காலியில் நானே எண்ணெய் வழிய அமர்ந்திருந்தேன். எதிரே ஆளுயரக் கண்ணாடியில் வழுக்கைத் தலையும், தடித்த மூக்குக் கண்ணாடியும், சிவந்த கன்னங்களும் உடைய முதியவர் ஒருவர் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு போக்கிடம் இல்லாதவராகவும் தோன்றினார். அவரை வரைந்தேன்.

அரசர்கள் அப்போது தண்ணீர்த் தொட்டியைக் கடந்து தெருக்குழாயருகே வந்திருந்தார்கள். பயணத்தை நிறுத்தலாகாது என்பதால் தெருவிலேயே வண்ணம் தீட்ட நேர்ந்தது. முதலில் நரைத்த தாடியர், கருந்தாடியர் இருவரின் முகங்களையும் வெண்பூச்சால் அழித்தேன். அது காயும்வரை, முகமற்ற அரசர் இருவர் ஒட்டகத்தின்மீது வீற்றிருந்தனர். நாய்கள் குரைத்தன. குடத்தோடு வந்த மூதாட்டி சிலுவைக் குறி இட்டுக்கொண்டார்.

"ஏய்யா, இவுகளுக்கு என்னய்யா வந்துச்சு?"

"முகம் மாற்றுகிறேன், ஆத்தா."

"ஆமாமா, ரொம்பத் தூரம் வந்துருக்காகள்ல."

மறுநாள் முகங்கள் அமைந்தன. இளைஞர் தலைவன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கருந்தாடியர் முந்திரி வணிகராயிருந்தார், யாரும் சிரிக்கவில்லை. நரைத்த தாடியரிடம் வந்ததும் அவன் நின்றான்.

"ஐயா, ராசா கண்ணாடி போட்டிருக்காரே?"

கையும் கண்ணும் ஒன்றிவிட்ட மகிழ்ச்சியில் மூக்குக் கண்ணாடியையும் சேர்த்தே தீட்டியிருந்தேன். ஆயினும் ஆசிரியன் கரும்பலகைமுன் தயங்கலாகாது.

"அவ்வளவு தொலைவிலுள்ள விண்மீனைக் கண்ணாடி இல்லாமல் எவ்வாறு காண்பார்?"

அவன் சிறிது எண்ணினான். "அதுவுஞ் சரித்தான்" என்றான். பதாகைப் பேச்சு அத்துடன் ஒழிந்தது.

திருநாளுக்கு முந்தைய மாலை மைத்துனர் வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று எழுந்து நின்றேன்.

"என்ன மாப்ள, ரெண்டு பேர எறக்கி விட்டுட்டீங்க?"

"நீங்கள்தாமே மாற்றச் சொன்னீர்கள், மச்சான்?"

"அது அப்ப! இப்ப வாட்சப்புல போட்டோ ஊரெல்லாம் போயிருச்சு. டெப்போவுல எங்கூட இருந்த டிரைவரு, செத்துட்டாருன்னு நெனச்சேன், அவரு போன் பண்ணி 'ஒன்னைய மாதிரி மூணு பேரா'ங்குறாரு. மணப்பாறையில இருந்து சம்பந்தி வீட்டுல வேன் புடிச்சு நாளைக்கு வாராங்க. மூணு ராசாவும் நான்தான்னு சொல்லிப்புட்டேன். இப்பப் போயி ஒத்த ஆளா நிக்கச் சொல்றீங்க!"

உள்ளிருந்து மனைவியின் சிரிப்பு கேட்டது. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அழித்துவிட்டு அவரையே மீண்டும் எழுதுவது எனக்கு ஒருமணி நேர வேலை. கை தானே ஓடும். தூரிகையை எடுத்துக்கூடப் பார்த்தேன். ஆயினும் அவ்விரு முகங்களும் நான் கண்ணால் பார்த்து வரைந்த முதல் முகங்கள்.

"இல்லை மச்சான்" என்றேன். "அவர்கள் இருவரும் இருக்கட்டும்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு சென்றார். இம்முறை குழம்பும் கேட்கவில்லை. அன்றிரவு மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டே பரிமாறினாள்.

மறுநாள் மாலை பூசை முடிந்து தெரு நிறைந்திருந்தது. இளைஞர்கள் ஒட்டகங்களைத் தூக்கினார்கள். மணப்பாறை வேனும் வந்து நின்றது. சம்பந்தி வீட்டார் இறங்கி, அரசர்களையும் மைத்துனரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் கூட்டத்தின் பின்னே நின்றேன்.

"சம்பந்தி, மூணு பேருமே நீங்கதான்னு சொன்னீங்க?" என்றார் வந்தவர். "அந்தத் தாடியில்லாதவரு மட்டுந்தான ஒங்க சாயல்ல இருக்காரு?"

மைத்துனர் தோள்துண்டைச் சரிசெய்தார். முழுதும் நிரம்பிய பேருந்தில் சில்லறை கேட்டவரைச் சமாளிக்கும் அதே அமைதி அவர் முகத்தில் வந்தது.

"மூணும் நம்ம வண்டிதாங்க. ஆளு மட்டும் டூட்டி மாறியிருக்கு."

"அந்தத் தாடை நீண்டவரு?"

"டிக்கெட்டு எடுக்காம ஏறிட்டாரு. பண்டிகை நாளு, எறக்கி விட மனசு வரல."

"முன்னாடி கண்ணாடி போட்டுக்கிட்டுப் போறாரே, அவரு யாருங்க?"

மைத்துனர் கூட்டத்தினூடே என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"அவரா? அவரு டிரைவரு. நம்ம சொல்றதக் கேக்கவே மாட்டாரு" என்றார். பிறகு குடில் வாயிலில் தயங்கி நின்ற இளைஞர்களைப் பார்த்து, முதல் ஒட்டகத்தின் பலகையை உள்ளங்கையால் இருமுறை தட்டினார். "போலாம், ரைட்!"