மூடியைத் தளர வைத்தவள்

பெரியவள் பொறாமைக்காரி அல்ல. இதை அவளே பலரிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். அவளுக்குப் பொறாமை வந்ததெல்லாம் ஒரே ஒரு ஆள் மேல்தான். அதுவும் முழு ஆள் மேல் இல்லை, மணிக்கட்டுக்குக் கீழே மட்டும்.

அந்த மணிக்கட்டு அவள் ஓரகத்தியுடையது. அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில், ஒரே சமையலறையில் குடித்தனம் நடத்தியதால் அண்ணன் மனைவி பெரியவள் ஆனாள், தம்பி மனைவி சின்னவள் ஆனாள். பெரியவள் ஒரு துணிக் கம்பெனியில் முடி நரைக்கும் வரை துணி வெட்டியவள். கம்பெனி அவளுக்குச் சம்பளம் கொடுத்தது. கத்தரிக்கோல் அதை அவள் கட்டைவிரல் மூட்டிலிருந்து வசூலித்துக்கொண்டது. இப்போது அந்தக் கையால் யாரையும் ஆசீர்வதிக்கலாம். ஒரு தேன் பாட்டிலைத் திறக்க முடியாது.

அதற்காக அவள் அடுப்படியை விட்டுக்கொடுத்தாள் என்று நினைத்தால் அவளைத் தெரியவில்லை என்று அர்த்தம். நிறைந்த பாத்திரத்தை அவள் தூக்குவதே கிடையாது. வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டு, சொம்பு சொம்பாகத் தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றுவாள். சூடான சட்டி ஈரத்துணி மேல் உட்கார்ந்து மேடையில் சவாரி போகும். உருளைக்கிழங்கை வேகவைத்த பிறகுதான் தோலைப் பற்றிப் பேச்சு. பாட்டில் என்றால் இழுப்பறைக்குள் நிறுத்தி, இடுப்பால் இழுப்பறையை நெருக்கிப் பிடித்து, ரப்பர் கையுறை மாட்டிய உள்ளங்கையால் மூடியை அழுத்தித் திருகுவாள். இதையெல்லாம் யாரும் பார்க்காதபோதுதான் செய்வாள். திறந்த மூடியைத் திரும்ப இறுக்காமல் சும்மா மேலே வைத்துவிடுவாள். மறுபடி யார் அந்த இடுப்பு வேலை செய்வது?

சின்னவளோ மூடியை இறுக்கினால் அது பாட்டிலோடு பிறந்ததோ என்று சந்தேகம் வரும். வேண்டுமென்றே செய்கிறாள் என்பது பெரியவளின் தீர்ப்பு. விசாரணை எதுவும் நடக்கவில்லை.

ஒருநாள் பெரியவளின் கணவர் பாட்டிலும் கையுமாக வந்தார். மனைவியைத் தாண்டி, "ஏம்மா, இதைக் கொஞ்சம் திறந்து கொடு," என்று சின்னவளிடம் நீட்டினார். டக்! "அடேயப்பா, என்ன கை!" என்றார். அன்று பெரியவள் வயிறு சரியில்லை, சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டாள்.

இப்படி இருக்கையில் அவருக்கு ஓய்வு பெறும் நாள் வந்தது. ஆபீஸ்காரர்கள் மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக ஏற்பாடு.

"நீ பேசாம உக்காரு. உன் கைக்கு ஆகாது. சமையலைச் சின்னவ பாத்துப்பா," என்றார்.

"ரிட்டயர்மென்ட் யாருக்கு? உங்களுக்கா, எனக்கா?"

அவர் பேப்பரை விரித்து அதற்குள் போய்விட்டார். பெரியவளுக்கு நெஞ்சு எரிந்தது. இத்தனை வருஷம் டிபன் கேரியர் கட்டிக் கொடுத்தவள் அவள். கடைசிச் சாப்பாட்டுக்குப் பெயர் வாங்கப்போவது வேறொருத்தியா?

விருந்தன்று காலை அவள் முந்திக்கொண்டு எழுந்து வேலையைத் தொடங்கினாள். இடுப்பும் இழுப்பறையுமாக மிளகாய்த்தூள் பாட்டிலைத் திறந்து, ஒரு கரண்டி எடுத்து, வழக்கப்படி மூடியைச் சும்மா வைத்தாள். அப்போது உள்ளே வந்தாள் சின்னவள். "நகருங்கக்கா, நான் பாத்துக்கறேன்," என்று பாட்டிலை எடுத்தாள். கை பலமுள்ளவர்கள் பாட்டிலை எப்படி எடுப்பார்களோ அப்படித்தான்: மூடியைப் பிடித்து.

மூடி மட்டும் வந்தது. பாட்டில் தன் வழியே கீழே போனது. அதைப் பிடிக்கப் பாய்ந்த சின்னவளின் மணிக்கட்டு மேடை விளிம்பில் மோதியது. வீடே தும்மியது. பக்கத்து வீடும் மரியாதைக்கு இரண்டு தும்மியது.

சின்னவள் டாக்டரிடம் போய், கையில் கட்டோடு திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தன்னால்தான் என்று பெரியவளுக்குக் குத்தியது. ஆனாலும் அடுப்பு காலியாக இருந்தது. சங்கடப்பட்டுக்கொண்டே போய் அதன் முன் நின்றாள். சொம்பு நடந்தது, ஈரத்துணி சவாரி போனது, இழுப்பறை இடுப்பை வாங்கிக்கொண்டது. ஒளிப்பதற்கு நேரமில்லை.

"அக்கா! இத்தனை நாளா இப்படியா திறந்தீங்க? என்னைக் கூப்பிட்டிருக்கலாமே!"

"கூப்பிட்டா வந்துடுவியே. அதான் கூப்பிடலை."

சின்னவள் இழுப்பறையைப் பார்த்தாள், பெரியவளின் இடுப்பைப் பார்த்தாள். பிறகு, "அந்தச் சட்டி துணியை விட்டு நழுவுது பாருங்க," என்று மட்டும் சொன்னாள்.

விருந்தாளிகள் சாப்பிட்டார்கள், இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள். பெரியவள் பாராட்டுக்குத் தலை சாய்க்கத் தயாரானபோது, அத்தனை பேரும் நாற்காலிப் பக்கம் திரும்பி, "ரொம்ப வலிக்குதாம்மா?" என்றார்கள். அவள் கணவர் ஓடிப்போய் ஒரு தலையணை கொண்டுவந்து சின்னவளின் கைக்கு அடியில் வைத்தார். பெரியவள் அந்தத் தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கைக்கு ஒரு தலையணை உறைகூட வந்ததில்லை.

"ஒரு வாரத்துல சரியாயிடும்னு டாக்டர் சொல்லிட்டார்," என்றாள் சின்னவள்.

ஒரு வாரம்! வலியிலும் அவளுக்குத்தான் யோகம்.

கட்டு அவிழ்த்த அன்று சின்னவள் சர்க்கரை பாட்டிலை மூடிக்கொண்டிருந்தாள். பெரியவள் கீரை ஆய்வதுபோல் பார்த்திருந்தாள். மூடி இறுகியது. கை நின்றது. பிறகு மெல்லப் பின்பக்கமாகக் கொஞ்சம் திருகித் தளர்த்திவிட்டு, பாட்டிலின் வயிற்றைப் பிடித்துத் தூக்கி அலமாரியில் வைத்தாள்.

பெரியவள் கீரையைக் கீழே வைத்தாள்.

பெருந்தன்மையிலும் முந்திக்கொண்டாளே, பாவி!