பட்டைக்குள் மறைத்த காப்புக்கயிறு

பள்ளிபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியுள்ள பள்ளி மைதானத்தில், சென்ற ஆண்டு சிறுமியருக்குக் கபடி கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள். மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி சேர்ந்தே தீர வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தாள். மூச்சடக்கிப் பாடிச் செல்லும் ஆட்டம் என்பதால் எனக்கும் அதன்மேல் ஒரு பிரியம் உண்டு. ஆனால் பிடித்துச் சாய்ப்பதை அவ்வளவு சிறிய உடம்பு தாங்குமா என்ற அச்சத்தோடுதான் துணைக்குப் போனேன்.

பயிற்சியாளர் ஓர் இளம்பெண். தொடக்கத்தில் பல வாரங்கள் அவர் பிள்ளைகளைப் பிடிக்கவே விடவில்லை. எல்லோருடைய இடுப்பிலும் ஒரு துணிப்பட்டை செருகியிருக்கும். பாடி வருபவளின் பட்டையைப் பறித்துவிட்டால் அவள் அவுட். பிறகு மண்டியிட்டபடி மெல்லப் பிடிக்கப் பழக்கினார். தலை எதிராளியின் முழங்காலுக்கு நேரே போகக் கூடாது. ‘விடு’ என்ற சொல் காதில் விழுந்தால், புள்ளி போனாலும் கையை எடுத்துவிட வேண்டும். எடை ஒத்தவர்களையே இணை சேர்த்தார். நகம் வெட்டியிருக்க வேண்டும். வளையல், கயிறு எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது.

அந்தக் கடைசி விதியில்தான் நான் இடறினேன். விடியலில் பதிகம் ஓதுவது என் வாழ்நாள் வழக்கம். வீட்டுப் பிள்ளைகள் புதிதாக எதைத் தொடங்கினாலும், இடர் நீக்கும் பதிகம் ஒன்றை ஓதி, பாட்டுக்கொரு முடிச்சாகச் சிவப்புக் கயிற்றில் இட்டு மணிக்கட்டில் கட்டிவிடுவேன். பேத்திக்கும் கட்டியிருந்தேன். பயிற்சியாளர் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் தணிவாகவே சொன்னார்: “சாமி கயிறுதானுங்க அய்யா. ஆடி முடிக்கற வரைக்கும் கழட்டி வெச்சுட்டு, அப்பறம் கட்டி உடுங்க.”

நான் தலையாட்டினேன். ஆனால் ஆட்டத்தின்போது கழற்றி வைத்துவிட்டால் அது எதற்குக் காப்பு என்று மனம் வாதாடியது. மறுநாள் விளையாட்டுச் சாமான் கடையில் வியர்வை துடைக்கும் மணிக்கட்டுப் பட்டை ஒன்றை வாங்கி, கயிறு தெரியாதபடி மேலே மாட்டிவிட்டேன். மிஸ் கேட்டால் என்ன சொல்வதென்று பேத்தி கேட்டாள்.

“கேக்க மாட்டாங்க கண்ணு. கேட்டா, வேர்வைப் பட்டைன்னு சொல்லு” என்றேன்.

அவளை அன்று பிடித்தவள், வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் சிறுமி. தாயும் தகப்பனும் விசைத்தறி ஓட்டுபவர்கள். சொல்லிக்கொடுத்தபடியேதான் மணிக்கட்டைப் பிடித்தாள். அவளுடைய ஒரு விரல் பட்டைக்கடியில் நழுவிக் கயிற்றுக்குள் போயிற்று. என் பேத்தி, அவளும் சொல்லிக்கொடுத்தபடியே, உடம்பைச் சுழற்றினாள். அடுத்த கணம் ‘விடு’ என்று கத்தினாள். அந்தச் சிறுமி விட்டாள், கயிறு விடவில்லை. விரல் வெளியே வந்தபோது எலும்பு முறிந்திருந்தது. பட்டை மறுபடி தன் இடத்தில் படிந்துகொண்டது. பிடியில் விரல் மடங்கிவிட்டதாகவே எல்லோரும் நினைத்தார்கள். மைதானத்தின் ஓரத்தில் நின்ற நான் கயிற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பெற்றோர்கள் பயிற்சியை நிறுத்தச் சொன்னார்கள். அதைப் பேசி முடிக்கச் சனிக்கிழமை மாலை பள்ளியில் கூடுவதென்று ஏற்பாடாயிற்று. அன்று தான் வேறு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டதாகவும் தவறு தன்னுடையதுதான் என்றும் பயிற்சியாளர் வீடு வீடாகச் சொல்லிவந்ததாக மருமகள் சொன்னாள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமைக் காலை நான் ஓதிக்கொண்டிருக்கையில் பேத்தி வந்து அருகில் உட்கார்ந்தாள். சில நாட்களாகச் சரியாகச் சாப்பிடாதவள்.

“தாத்தா, கயித்தப் பத்தி நாஞ் சொல்லிட்டா சாமி கோவிச்சுக்குமா?”

தாயென்றும் தந்தையென்றும் நான் பாடிப் பாடி உருகிய ஒருவனைப் பார்த்து என் வீட்டுக் குழந்தை அஞ்சுகிறாள். அந்த அச்சத்தை அவளுக்குக் கட்டிவிட்டவன் நான். பதிகத்தைப் பாதியிலேயே நிறுத்தினேன். கத்தரிக்கோலை எடுத்துவரச் சொன்னேன்.

மாலையில் அறுந்த கயிற்றை எல்லோர் முன்னும் மேசைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னேன். பயிற்சியாளர் என்னைப் பார்க்கவில்லை, கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் ஒருவர், “பெரியவரு முடிச்சு மட்டும் நல்லா இறுக்கித்தான் போட்டிருக்காருங்க” என்றார். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிறுமியின் தாய் சிரிக்கவில்லை.

“ஏனுங்க, இத்தன முடிச்சுல எம்புள்ளைக்குன்னு ஒண்ணு போட்டீங்களா?”

அவர் குரலை உயர்த்திக் கேட்கவில்லை. அந்தப் பதிகம் வேண்டுவது அடியார் எல்லோருக்குமான காப்பு. அதை ஒரு மணிக்கட்டின் அளவுக்குச் சுருக்கி, அதிலும் ஒரு பொய்யை மேலே மாட்டியவன் நான்.

பயிற்சியை நிறுத்தவில்லை. நான் இப்போது கயிறு கட்டுவதில்லை. ஓதுகிறேன், அந்தப் பதிகம் வரும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது.

விரல் கூடியபின் அந்தச் சிறுமி மைதானத்துக்குத் திரும்பினாள். அந்த விரல் இன்னும் முழுதாக மடங்குவதில்லை. முதல் நாளே என் பேத்திக்கு எதிரே நின்றாள். பேத்தி பாடிக்கொண்டு போனாள். அவளுடைய கையருகே வந்த அந்தச் சிறுமி பிடிக்கவில்லை, நின்றுவிட்டாள். பேத்தி பாட்டை நிறுத்தினாள். புள்ளி போயிற்று. பிறகு இரண்டு மணிக்கட்டுகளையும் திருப்பித் திருப்பி அவளிடம் காட்டினாள். அந்தச் சிறுமி தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

இன்றுவரை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அவள் அப்படித் தொட்டுப் பார்க்கிறாள். என் பேத்தியும் கேட்காமலே கையை நீட்டுகிறாள். அந்தச் சமயத்தில் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.