எது பிடிக்கவில்லை என்று கேட்ட மருதை

போன செவ்வாய்க்கிழமை காலை பதுளையில் கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன். தெமோதரையிலிருந்து வந்த வண்டிக்காரர் மாட்டைக்கூட அவிழ்க்காமல் வாசலில் நின்று, "மருதை போயிட்டானுங்க" என்றார்.

"யார் அடிச்சா?" என்று கேட்டேன்.

"யாரும் அடிக்கலீங்க. காய்ச்சல். நாலு நாளாப் படுத்த படுக்கை."

இந்தச் செய்தி கேட்டதும் உங்களில் பலரும் இதையேதான் கேட்டிருப்பீர்கள். ஸ்பிரிங்வெளிப் பக்கத்திலும் பசறைச் சந்தையிலும் தெமோதரையிலும் அவனை அடிக்காத கை குறைவு. ஆட்டமில்லாமல், பாட்டில்லாமல், மத்தளமில்லாமல், தனி ஆளாக நின்று வெறும் பேச்சால் பத்துப் பேரைச் சிரிக்க வைக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்காக அவன் வாங்கிய அடியை ஒரு மாடு வாங்கியிருந்தால் என்றோ செத்திருக்கும். அப்படிப்பட்டவன் காய்ச்சலில் போனான் என்றால் எனக்கு நம்பக் கஷ்டமாக இருந்தது.

அவனை 'அவன்' என்றுதான் எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது கொடுக்காத மரியாதையைச் செத்த பிறகு கொடுத்தால், அதையும் வைத்து ஒரு கதை கட்டியிருப்பான்.

நான் யார் என்பது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பெயர் வேண்டாம். அங்கே பெரிய கங்காணி என் தாய்மாமன். ஆட்களைத் திருச்சிப் பக்கமிருந்து கூட்டி வந்தவர் அவர்தான். வேலை கொடுப்பவரும் அவர், தோலை உரிப்பவரும் அவர். உரிக்கும் வேலை பெரும்பாலும் என் கையில் இருந்தது. என்னைச் சின்னக் கங்காணி என்பார்கள். நாலு எழுத்துப் படித்தவன் என்ற மதிப்பும் உண்டு. பிரம்பு பிடித்த கையால்தான் இதையும் எழுதுகிறேன்.

மாசி மாதம் காமன் கூத்து நடக்கும்போது பகல் வேளைகளில் கோமாளி, ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயம் லயமாகச் சுற்றி வருவான். எங்கள் தோட்டத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கோமாளி யாரை வேண்டுமானாலும் நக்கல் செய்யலாம். முகத்தில் மாவும் கரியும் இருக்கும்வரை அவன் மேல் யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால் அது காமனையே அடித்த மாதிரி. ஒரு வருஷம் வழக்கமான கோமாளி காலை உடைத்துக்கொண்டதால், எங்கள் தோட்டத்துக் கூலியாள் மருதை வந்தான். அவனுக்கு ஆடவும் வராது, பாடவும் வராது. முதல் நாள் லயத்து வாசலில் நின்று ஏதோ பேசினான். ஒருவரும் சிரிக்கவில்லை. "ஆடத் தெரியாட்டி எதுக்குடா மூஞ்சியில மாவப் பூசினே? ரொட்டியாச்சும் சுட்டிருக்கலாம்!" என்று ஒரு கிழவி கத்தினாள். அவள் சொன்னதற்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள். கை வைக்கத்தானே கூடாது என்று பிள்ளைகள் சேற்றை அள்ளி வீசினார்கள்.

மறுநாள் அதே வாசலில், அதே மாவோடு வந்து நின்றான். காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் என் மாமா ஆள் எண்ணுவதைச் செய்து காட்டினான். வயிற்றை முன்னால் தள்ளி, ஒவ்வொரு தலையாகப் பிரம்பால் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தான். "ஒண்ணு... ரெண்டு... மூணு... அடடா, தொரை வர்றாரு! சலாங்க தொரை!" குனிந்து நிமிர்ந்ததும் எண்ணிக்கை மறந்துபோகும். மறுபடி ஒன்று, இரண்டு. மறுபடி துரை. "ஏங்க கங்காணி, நீங்க எண்ணி முடிக்கிறதுக்குள்ள கொழுந்தெல்லாம் மரமாப் போச்சுங்க!" என்று கூலியாள் குரலில் அவனே கெஞ்சினான். லயமே குலுங்கியது. பெண்கள் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மாமாவும் அங்கேதான் இருந்தார். வாயால் சிரித்தார். கண்ணால் என்னைப் பார்த்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

மருதைக்கும் தெரியும். கூத்து முடிந்து காமன் எரிந்த பிறகும் அவன் முகத்தைக் கழுவவில்லை. நான் ஆட்கள் குளிக்கிற பீலிக்கரையில் பிரம்போடு உட்கார்ந்திருந்தேன். அவன் தண்ணீர் பக்கமே வரவில்லை. மாவும் கரியுமாகப் பெரட்டுக்கு வந்தான், மலைக்குப் போனான், அப்படியே தூங்கினான். வெள்ளைக்காரத் துரை பார்த்துவிட்டு இது என்ன கோலம் என்று கேட்டு, பூட்ஸ் காலால் ஒரு உதை விட்டார். கட்டுப்பாடு துரைக்குத் தெரியாதே. நாலாம் நாள் வியர்வையில் மாவு வெடித்து, முகம் காய்ந்த வயல் மாதிரி இருந்தது. ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவன் கழுவுவானா, நான் காத்திருப்பேனா என்பதுதான் தோட்டம் முழுக்கப் பேச்சு.

அன்று பிற்பகல் மலையில் வேலை நடந்துகொண்டிருந்தபோது மழை பிடித்தது. எல்லோரும் ஓடி ஒதுங்கினார்கள். அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு தேயிலைக்கு நடுவே குந்தினான். நான் மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் இடுக்கு வழியாக முதலில் வெள்ளை ஒழுகியது, பிறகு கறுப்பு. கொஞ்ச நேரத்தில் அவனே கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். தாடியும் பருவுமாக வெறும் மனித முகம்.

நான் போய் அடித்தேன். பிரம்பு முறிந்தபின் கையால் குத்தினேன். அவன் முன்பல் ஒன்று பாதி உடைந்து என் நடுவிரல் முட்டியில் இறங்கி நின்றது. அவன் சேற்றில் கிடந்தான். வாய் நிறைய இரத்தம். துப்பிவிட்டுக் கேட்டான்: "சின்னக் கங்காணி, அதுல எதுங்க பிடிக்கல? நடையா, எண்ணினதா?"

கேலி செய்கிறான் என்று நினைத்து இன்னும் இரண்டு உதைத்தேன். பிற்காலத்தில்தான் தெரிந்தது, அவன் நிஜமாகவே கேட்டிருக்கிறான். அடித்த எல்லோரிடமும் கேட்பான். எந்த இடத்தில் பிசகியது என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

அதன் பிறகு அவன் மாவு பூசவில்லை. "மழைக்குக் கரையுற காவல் எனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் பசறைச் சந்தைக்குப் போய், தேயிலைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி வெறும் முகத்தோடு பேசுவான். ஆரம்பத்தில் யாரும் நிற்கவே இல்லை. பைத்தியம் என்று துணிக்கடைக்காரர் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். தாங்கள் மாட்டைக் கொஞ்சுவதையும் பெண்டாட்டியைத் திட்டுவதையும் சேர்த்துச் செய்து காட்டியதற்காக வண்டிக்காரர்கள் சாட்டையால் விளாசினார்கள். அவன் அடுத்த ஞாயிறு அதையே கொஞ்சம் சுருக்கிச் செய்வான். அதற்கும் அடுத்த ஞாயிறு கூட்டம் நிற்கும்.

அங்கேயும் அந்தப் பெரட்டு நக்கலை எடுத்து விட்டான் என்று கேள்விப்பட்டதும் மாமா என்னை அழைத்தார். "அவன் வாய் இனிப் பேசக் கூடாது" என்றார். இரண்டு ஆட்களோடு போனேன். தூரத்திலேயே எங்களைப் பார்த்துவிட்டான். ஓடவில்லை. பெட்டிமேல் நின்றபடியே, மரத்தடியில் பிரம்போடு நின்று மேகத்தை அண்ணாந்து பார்க்கும் ஒருவனாக மாறினான். "மழையே, கொஞ்சம் வாங்க. ஒரே ஒருத்தன் மூஞ்சிதாங்க. நெத்தி நனைஞ்சிருச்சு, மூக்கு மட்டும் மிச்சம்!" நான் அப்படியா நின்றேன்? அப்படித்தான் நின்றிருக்கிறேன். என்னையறியாமல் சிரித்துவிட்டேன். கூட வந்த இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். சும்மா திரும்பி வந்தோம்.

மாமா விறகுக்கட்டையால் என் காதோடு சேர்த்து அடித்தார். இடது காது அன்றோடு போயிற்று. மறுவாரம் வேறு ஆட்களை அனுப்பினார். அவனைப் பேச விடக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தது. பின்னாலிருந்து போய் மண்வெட்டிப் பிடியால் தாடையை உடைத்தார்கள்.

நான் தோட்டத்தை விட்டு வந்து பதுளையில் கடை போட்டது அதன் பிறகுதான். ஒருநாள் தாடையைத் துணியால் தலையோடு கட்டிக்கொண்டு மருதை வந்து நின்றான். பேச்சு இல்லை. கஞ்சி கொடுத்தேன். மூன்று மாதம் என் கடையில் மூட்டை அடுக்கினான். கட்டை அவிழ்த்தபோது வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, பாதிச் சொல் குழறியது. அப்படியே தெமோதரைக்குப் போய், ரயில் பாதைக்குப் பாறை உடைக்கும் ஆட்களிடம் மத்தியானச் சோற்று நேரத்தில் பேச ஆரம்பித்தான். அங்கே எறிவதற்குக் கல்லுக்கா பஞ்சம்? ஆனாலும் சிரித்தார்கள். அவனோ முகம் தொங்கிப்போய் என்னிடம் வந்தான்.

"வாயப் பாத்துச் சிரிக்கிறாங்கண்ணே. பேச்சுக்குச் சிரிக்கல."

சிரித்தால் போதாதா என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான். தனக்கு வராத சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு, வருகிற சொற்களை மட்டும் வைத்துப் பழைய கதைகளைப் புதிதாகக் கட்டினான். ஒரு வருஷம் ஆயிற்று. என் கடையில்தான் சொல்லிப் பார்ப்பான். என் நல்ல காதுப் பக்கமாக வந்து நிற்பான்.

அந்த நாட்களில் ஒருமுறை கேட்டேன், ஏன்டா உன்னை எல்லோரும் அடிக்கிறார்கள் என்று. யோசிக்காமல் சொன்னான்: "சிரிச்சவன் அடிக்க மாட்டாண்ணே. சிரிக்காதவனும் அடிக்க மாட்டான். ஐயோ, சிரிச்சிட்டோமேன்னு வெக்கப்படுறான் பாருங்க, அவன்தான் அடிப்பான்."

போன வருஷம் காமன் கூத்துக்கு எங்கள் தோட்டத்து ஆட்களே அவனை அழைத்தார்கள். நானும் போயிருந்தேன். மாவைக் குழைத்து நீட்டினார்கள், வேண்டாம் என்றான். மாமா கிழடு தட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோணல் வாயோடு, வெறும் முகத்தோடு, அவர் எதிரிலேயே அந்தப் பெரட்டைச் செய்தான். ஒரு சொல்கூடக் குழறவில்லை. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மாமா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. 'மரமாப் போச்சுங்க' என்ற இடம் வந்ததும் கைத்தடியைத் தூக்கி அவன்மேல் வீசினார். அது பாதியிலேயே விழுந்தது. மருதை எடுத்துப் போய்ப் பணிவாகக் கொடுத்துவிட்டு வந்தான்.

வரும் வழியெல்லாம் அவனுக்குக் கால் தரையில் இல்லை. "பெரியவரு தடிய எறிஞ்சாருண்ணே! அப்போ சிரிச்சிருக்காரு!" என்று பசறை வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான்.

செவ்வாய்க்கிழமை நான் தெமோதரை போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வைத்திருந்தார்கள். அவன் மனைவி அங்கம்மா ஒரு தகர டப்பாவைக் கொண்டு வந்து என்னிடம் நீட்டினாள். உள்ளே மாவும் கரியும்.

"பூசி விடுங்கண்ணே. போற எடத்துலயாச்சும் யாரும் அவர அடிக்கக் கூடாது."

"வேணாம்மா. வெறும் மூஞ்சியோடதான் நிக்கணும்னு பாடுபட்டான். அப்படியே போகட்டும்" என்றேன். அவள் டப்பாவை மூடினாள். முகத்தை நான்தான் கழுவினேன். உதட்டைத் துடைக்கும்போது அந்தப் பாதிப் பல் கைக்குத் தட்டுப்பட்டது. மீதி எங்கே என்று யாராவது கேட்டால் அவன் என்னைக் காட்டி, "அண்ணன் கையில பத்திரமா இருக்கு" என்பான்.

இருக்கிறது. நடுவிரல் முட்டியில் அந்தத் தழும்பு, குளிர் நாட்களில் விண்விண் என்று வலிக்கும். அவனிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அதுவும், நான் பதில் சொல்லாத ஒரு கேள்வியும்தான். இவ்வளவு வருஷம் பக்கத்தில் இருந்தும் வாய் வரவில்லை. உங்கள் எல்லோர் முன்னிலையிலும் இப்போது சொல்லிவிடுகிறேன். நடையும் பிடித்தது, எண்ணியதும் பிடித்தது, மருதை. அன்று லயத்து வாசலில், மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, முதலில் சிரித்தது நான்தான். அதனால்தான் உன்னை அவ்வளவு அடித்தேன்.