மழை வர்ற மாதிரி இருக்கு

அந்த ஒன்பது மாடிக் கட்டடத்தில் வானம் எட்டிப் பார்க்காத ஒரே இடம் லிப்ட்தான். உள்ளே முக்காலியில் உட்கார்ந்திருக்கும் லிப்ட்காரருக்கு வெயிலும் மழையும் ஏறுகிறவர்களோடுதான் வந்து சேரும், வியர்த்த கழுத்தாக, ஈரச் செருப்பாக. கதவு மூடிப் பெட்டி எழும்பும்போது மேகத்துக்குள் போவதாக நினைத்துக்கொண்டு அவர் பாதிக் கண்ணை மூடிக்கொள்வார். கனவு காண இதைவிட வசதியான உத்தியோகம் உண்டா, சொல்லுங்கள்.

பேச ஒன்றும் இல்லாதபோது ஊரே சொல்வதுதான், "மழை வர்ற மாதிரி இருக்கு." அவர் வீட்டில் மட்டும் அதற்கு வேறு வேலை. சண்டை போட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டவர்களில் யார் இறங்கி வருகிறாரோ, அவர் அதைச் சொல்ல வேண்டும். "வந்தா வரட்டும்" என்று பதில் வந்தால் கோபம் ஆறவில்லை. "குடை எடுத்துக்கோ" என்றால் வழக்கு முடிந்தது. மன்னிப்பு என்ற சொல்லை அங்கே யாரும் வாயில் வைத்ததே கிடையாது. இறங்கி வந்ததெல்லாம் மனைவியும் மகளும்தான். பிடிவாதம் பிடித்த மனுஷன் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

மகள் தனக்குப் பிடித்தவனோடு கிளம்பிய அன்று, செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்பா, மழை வர்ற மாதிரி இருக்கு" என்றாள். அவர் வாயே திறக்கவில்லை. அதற்கப்புறம் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

ஒரு மத்தியானம் லிப்டில் ஏறிய நாலைந்து பேரில் அவளும் இருந்தாள். ஏழாம் மாடியில் ஏதோ வேலையாம். "ஏழு" என்றாள், முன்பின் தெரியாதவரிடம் சொல்வதுபோல. படியேறிப் போயிருக்கலாம், போகவில்லையே என்று அவருக்கு ஒரு நப்பாசை. மூன்று தாண்டியது, நான்கு தாண்டியது. இப்போது விட்டால் விட்டதுதான்.

"மழை வர்ற மாதிரி இருக்கு" என்றார், கதவைப் பார்த்து.

"அண்ணே, வெளிய வெயில் மண்டையப் பொளக்குது! தூக்கமா?" என்றார் எட்டாம் மாடிக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். மகள் மட்டும் சிரிக்கவில்லை. கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

ஏழில் கதவு திறந்தது. வெளியே கால் வைத்தவள் திரும்பினாள்.

"ஆமாப்பா, இருட்டிக்கிட்டுதான் வருது. வீட்டுக்குப் போறப்ப குடை எடுத்துக்கோங்க."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் எட்டாம் மாடியில் நிறுத்த மறந்தே போனார்.