கிள்ளான் வீட்டில் சூடாகாத அடுப்பு

திருச்சியில் விமானம் ஏறும்போது என் கையில் ஒரு பை, தலையில் ஒரு உத்தரவு. பையில் மோர்மிளகாயும் வடகமும். உத்தரவு என் மனைவி சரஸ்வதியுடையது. முழங்கால் வலி அவளை வரவிடவில்லை.

"அவ ராத்திரிக்கு என்ன சாப்பிடுறான்னு உங்க கண்ணால பாத்துட்டு வாங்க. பகல்ல ஆபீஸ்ல என்னத்தையோ தின்னுக்கட்டும். ராத்திரியும் கடைச் சோறுதான்னா கையெழுத்தும் வேணாம் ஒண்ணும் வேணாம், கையோட கூட்டிட்டு வந்துருங்க."

கையெழுத்து என்று அவள் சொன்னது எங்கள் மகள் கயல்விழியின் வேலை ஒப்பந்தத்தை. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஓர் அலுவலகத்தில் வேலை. மேலும் இரண்டு வருடம் நீட்டிப்பதாக இருந்தால் வரும் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். "அப்பா வந்து பாக்கட்டும். நீங்க சரின்னா போடுறேன், வேணாம்னா வந்துடுறேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். வளர்ந்த பிள்ளை இப்படிச் சொன்னால் பெருமையாக இருக்கும் என்பார்கள். எனக்கோ முடிவெடுக்கும் பாரம் என் தலையில் விழுந்ததாகத்தான் பட்டது.

ஞாயிறு, மாலை. திருச்சியிலிருந்து நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர் விமான நிலையம். கயல் வந்திருந்தாள். இளைத்திருந்தாள், அல்லது இளைத்திருப்பாள் என்று எதிர்பார்த்து வந்ததால் எனக்கு அப்படித் தெரிந்தது. அவள் குடியிருக்கும் கிள்ளானுக்கு அங்கிருந்து அறுபது கிலோமீட்டர், வாடகைக் கார் எழுபது ரிங்கிட். ஓட்டுநர் நம் ஆள்தான், நாற்பது வயது இருக்கும். ஊரில் கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரம் என்பதால் நான் பேச்சை அங்கேயே தொடங்கினேன்.

"தம்பி, இங்க கோடை காலத்துல ராத்திரிக்கு என்ன சாப்பிடுவீங்க?"

"கோடையா? அதெல்லாம் இங்க இல்ல அங்கிள். எந்நாளும் இதே வெயில்தான். சாயங்காலம் மழ, திரும்ப வெயில்."

"அப்ப ராத்திரிச் சாப்பாடு?"

"பசிச்சா சாப்பிட வேண்டியதுதான் லா" என்று, அந்த ஊர் வழக்கப்படி கடைசியில் ஒரு 'லா' சேர்த்துச் சிரித்தார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, கண்ணாடி தெரியாத அளவுக்கு மழை கொட்டியது. எங்கள் வீட்டில் சித்திரை வைகாசி வந்தால் இரவுச் சாப்பாடே மாறிவிடும். நீர்ச்சோறு, மோர், சின்ன வெங்காயம், தொட்டுக்கொள்ள ஒரு துவையல். அடுப்படியில் நிற்கவே முடியாத நாட்களுக்கான சாப்பாடு அது. பன்னிரண்டு மாதமும் கோடையாக இருக்கும் ஊரில் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்தேன், பிடிபடவில்லை.

கயல் ஓர் அறை எடுத்துத் தங்கியிருப்பது வரிசை வீடு ஒன்றில். வீட்டுக்காரர் ரோஸ்லின், ரயில்வேக் குடும்பத்தில் பிறந்த கத்தோலிக்கத் தமிழர், கணவர் இல்லை. வெளியூரில் வேலை பார்க்கும் தம் மகனின் அறையை எனக்காக ஒழித்துவைத்திருந்தார். "வாங்கண்ணே, உங்க வீடு மாதிரி நெனச்சிக்கோங்க" என்றார். கூடத்தை ஒட்டியே சமையலறை. பளிங்கு மேடை, கண்ணாடி போட்ட அடுப்பு, மேலே புகைபோக்கி. ஒரு எண்ணெய்த்துளி இல்லை, மஞ்சள் கறை இல்லை. நகைக்கடைபோல இருந்தது. அதற்கும் பின்னால் ஒரு மரக்கதவு, எப்போதும் சாத்தியே இருந்தது. அது வீட்டுக்கார அம்மாவின் அறை என்று நானே முடிவு செய்து அந்தப் பக்கம் போகாமல் மரியாதையாக இருந்துகொண்டேன். அன்றிரவு கடைத் தோசை. வந்த களைப்பு, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

திங்கள். காலையில் கயலோடு ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போனேன். ஒரு மணி நேரப் பயணம். அவள் அலுவலகத்துக்குள் போய்விட, நான் பூக்கடைகளையும் புடவைக் கடைகளையும் சுற்றிவிட்டு மதியம் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். பதின்மூன்று ரிங்கிட். பரிமாறிய பெண்ணிடமும் கேட்டேன்.

"ராத்திரிக்கு வீட்டுல சமைப்பீங்களாம்மா?"

"மூட் இருந்தா சமைப்பேன் அங்கிள். இல்லாட்டி தாப்பாவ்தான்."

தாப்பாவ் என்றால் கடையில் பொட்டலம் கட்டி வாங்கிப் போவதாம். ரசத்தைக்கூடப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டுத் தருகிறார்கள். எனக்குப் பகீரென்றது. சரஸ்வதி பயந்தது சரிதானோ?

அன்று மாலை வீடு திரும்பியதும் கயல் முகம் கழுவிக்கொண்டு அந்த மரக்கதவைத் திறந்து உள்ளே போனாள். கால் மணி நேரத்தில் இரண்டு கிண்ணங்களோடு வந்தாள். பீஹூன் என்கிற அரிசிச் சேமியா போட்ட சூப், ஆவி பறந்தது, ருசியாகவும் இருந்தது.

"எங்க வாங்கினம்மா?"

"வாங்கினதா? நான் செஞ்சதுப்பா!"

அவள் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போனதும் நான் எழுந்து கூடத்து அடுப்பின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

செவ்வாய். அதே கதை. கதவு, கால் மணி நேரம், தட்டு. டின் சார்டின் மீனில் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பிரட்டி, எலுமிச்சை பிழிந்து, பக்கத்தில் வெள்ளரிக்காய் அடுக்கியிருந்தாள். "ஈஸிப்பா இது, பத்து நிமிஷம்" என்றாள். மறுபடி அடுப்பைத் தொட்டேன். மறுபடி ஜில். பின் சந்தில் யாரோ சமைத்து விற்கிறார்கள், இவள் அந்த அறை வழியாகப் பின்வாசலுக்குப் போய் வாங்கி வருகிறாள் என்று கணக்குப் போட்டேன். கடைச் சோறு தின்பதுகூடப் பரவாயில்லை. பொய் சொல்லும் பிள்ளை இல்லையே இவள்! இந்த வேலைக்காகப் பெற்ற அப்பனிடமே பொய் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாளா?

மாடிக்குப் போய் சரஸ்வதியை அழைத்தேன்.

"அடுப்பே பத்த வைக்கிறதில்ல சரசு. ஆனா சமைச்சேன்னு சாதிக்கிறா."

"நான் சொல்லல? கூட்டிட்டு வந்துருங்க" என்றாள். குரலில் கோபத்தைக் காணோம், ஏதோ ஒரு தெம்பு இருந்தது. அதுவும் எனக்கு விளங்கவில்லை.

புதன். பிள்ளைக்கு ஒருவேளையாவது வீட்டுச் சாப்பாடு நானே செய்து போடுவது, அப்புறம் விஷயத்தைச் சொல்வது என்று தீர்மானித்தேன். எனக்குத் தெரிந்தது உப்புமா ஒன்றுதான். கிள்ளான் கடைத்தெருவில் ரவையும் கடுகும் வாங்கிவந்து, கயல் வருவதற்குள் முடித்துவிட நினைத்து அந்த நகைக்கடை அடுப்பின் முன் நின்றேன். இப்படித் திருகினேன், அப்படித் திருகினேன். ஊஹூம், ஒரு பொறி வரவில்லை. தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கும்போது ரோஸ்லின் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"ஐயையோ அண்ணே! என்ன பண்றீங்க? அது ட்ரை கிச்சன் லா!"

"அடுப்பு கெட்டுப் போச்சும்மா."

"கெட்டுப் போகல, அதுக்கு கேஸ் கனெக்சனே குடுக்கல. வர்றவங்க பாக்கறதுக்கு வச்சது. இங்க தாளிச்சா வீடு பூரா நாறிப் போயிருமில்ல? எங்க ஊர்ல சமைக்கிறது எல்லாம் பின்னாடிதான். வாங்க, காட்டறேன்."

மரக்கதவைத் திறந்தார். அவர் அறை இல்லை அது! சிமெண்டுத் தரை, கம்பி போட்ட ஜன்னல், எண்ணெய்ப் பிசுக்கேறிய இரட்டை அடுப்பு, கரி பிடித்த வாணலி, அம்மிகூட இருந்தது. சுவரில் ஒரு தட்டு முழுக்கக் கயலின் டப்பாக்கள். சீரகம், புளி, பெருங்காயம், எங்கள் வீட்டு வரிசையிலேயே. அவள் அம்மா கொடுத்தனுப்பிய இரும்புக் கரண்டி ஆணியில் தொங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

"உங்க மக தெனமும் இங்கதான் நிப்பா. அவ செய்யற நாள்ல எனக்கு அடுப்பு வேல இல்ல" என்றார் ரோஸ்லின்.

கயல் வந்து சமைக்கப் போனபோது நான் கூடத்தில் காத்திருக்கவில்லை, உப்புமாவை மறந்துவிட்டு அவளோடு அந்த அடுப்பங்கரையிலேயே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். நான் அடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த கதையைச் சொன்னபோது முதலில் சிரித்தாள். பிறகு, "நான் பொய் சொல்றேன்னு நெனச்சீங்களாப்பா?" என்று கேட்டாள். தலையைக் குனிந்துகொண்டேன். அவள் திரும்பி வெங்காயம் நறுக்கத் தொடங்கினாள்.

காலையில் வடித்து ஆறிப்போயிருந்த சோற்றை அகலமான பாத்திரத்தில் உதிர்த்தாள். தேங்காய்ப்பூவை எண்ணெய் இல்லாமல் சிவக்க வறுத்துக் கொட்டினாள். வெள்ளரிக்காய், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், செராய் என்று இங்கே சொல்லும் எலுமிச்சைப்புல்லின் அடித்தண்டு, எல்லாவற்றையும் பொடியாக அரிந்து போட்டாள். குட்டி எலுமிச்சை நாலைந்தைப் பிழிந்து, உப்புப் போட்டுப் பிசறினாள். நெத்திலிக் கருவாட்டை மொறுமொறுவென்று பொரித்தபோது கிளம்பிய வாசனையில்தான் அந்தக் கதவு எதற்கென்று எனக்கு முழுசாக உறைத்தது.

"இந்த வெயில்ல சூடா யாருக்குப்பா வேணும்? ஆறின சோறுதான் இதுக்கு நல்லா இருக்கும்" என்று தட்டில் வைத்தாள். இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

சாப்பிட்ட கையோடு சரஸ்வதியை அழைத்தேன். ஊரில் அப்போது ஐந்தரை மணி இருக்கும். இரண்டு அடுப்பங்கரைக் கதையை மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சத்தமே இல்லை.

"சரசு, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். நல்லா சாப்பிடுறான்னு சொல்றீங்க."

"ஆமா, அருமையா சமைக்கிறா."

"அப்ப அவ வரமாட்டா."

முந்தின இரவிலிருந்து மண்டையைக் குடைந்தது அப்போதுதான் விளங்கியது. பிள்ளை கடைச் சோறு தின்கிறாள் என்று கேட்டு அவள் தெம்பாக இருந்தாள், வயிறார உண்கிறாள் என்று கேட்டு உடைந்துபோகிறாள். பிள்ளை வீடு திரும்ப அவளிடம் வேறு காரணம் இல்லை. நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டு நான் அந்த ஒன்றையும் பிடுங்கிவிட்டேன்.

ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கயல் போனை வாங்கினாள். "அம்மா" என்றாள்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு சரஸ்வதி கேட்டாள். "நெத்திலிய எப்படி போட்ட? சோத்தோட சேத்துப் பெசஞ்சியா?"

"இல்லம்மா, கடைசில மேல தூவுனேன். முன்னாடியே போட்டா நமுத்துரும்."

"தேங்காய்?"

"சிவக்க வறுத்து, ஆறினப்புறம்தான் சேத்தேன்."

"உப்பு?"

"கருவாட்டுலயே இருக்குல்லம்மா. கொஞ்சம்தான்."



"சரிதான்" என்றாள் சரஸ்வதி. "போய் கையெழுத்தப் போடு."

போனை வைத்துவிட்டாள். கயல் அந்த எண்ணெய்ப் பிசுக்கு அடுப்பின் பக்கத்திலேயே நின்று அழுதாள். நானும்தான்.